துணை விமானியின் மணிக்கணக்கு: எந்த நிமிடம் எந்தப் பத்தியில்

விமானம் நிறுத்துமிடத்தில் வந்து நின்று, சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைக்கப்பட்டதும், துணை விமானியின் பெயரில் மூன்று கணக்குகளில் வரவு வைக்கப்படுகிறது. அடுத்த நிலை உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட வேண்டிய அனுபவம் ஒரு கணக்கு. இத்தனை நாள்களில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒருவரைப் பறக்க வைக்கக் கூடாது என்னும் களைப்பு வரம்பு இன்னொரு கணக்கு. கை பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கிறதா என்று பார்க்கும் புறப்பாடு, தரையிறக்கங்களின் எண்ணிக்கை மற்றொரு கணக்கு. மூன்றும் ஒரே பறப்பைப் பற்றியவைதாம் என்றாலும், மூன்றிலும் ஒரே எண் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லாக்புக் என்னும் பறப்புப் பதிவேட்டை எழுதும் இளைஞர்களுக்கு வரும் குழப்பத்தில் பெரும்பகுதி, ஒரு கணக்குக்கு உரிய விதியை இன்னொரு கணக்கில் கொண்டுபோய்ப் பொருத்துவதால் வருவது என்பது, துணை விமானியின் வலப்பக்க இருக்கையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது தலைமை விமானியாக இடப்பக்கம் அமர்பவன் என்ற முறையில் என் கருத்து.

சிங்கப்பூரின் சிலேத்தாரில் சிறு விமானத்தில் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகிலுள்ள ஜண்டகாட்டிலோ வேறு எங்கோ பயிற்சி முடித்து, சிபிஎல் என்னும் வர்த்தக விமானி உரிமத்தோடு வேலையில் சேரும் நம் பிள்ளைகள் இப்போது ஓரளவுக்கு இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே அமைவதால், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், பறப்பு நேரம் எப்போது தொடங்குகிறது என்பது. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு, விமானம் புறப்படும் நோக்கத்தோடு முதன்முதலில் நகரும் கணத்திலிருந்து, பறப்பு முடிந்து இறுதியாக நிற்கும் கணம் வரையிலான மொத்த நேரமே பறப்பு நேரம் என்று வரையறுக்கிறது. சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்புவதற்கும் மறுபடி தொடுவதற்கும் இடைப்பட்ட நேரம் வேறு; பராமரிப்புப் பிரிவுக்கு அது முக்கியம், நம் லாக்புக்குக்கு அன்று. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்திலிருந்து திருச்சிக்குப் போகும் மாலைப் பறப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். யுடிசி என்னும் உலகப் பொது நேரப்படி 10:35 மணிக்கு இழுவை வண்டி விமானத்தைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்குகிறது. 10:52க்கு விமானம் எழும்புகிறது. 14:38க்குத் திருச்சியில் தரை தொடுகிறது. 14:45க்கு நிறுத்துமிடத்தில் நிற்கிறது. காற்றில் இருந்தது 3 மணி 46 நிமிடம். லாக்புக்கில் ஏறுவது 4 மணி 10 நிமிடம். பெரும்பாலான விமானங்களில் இந்த நான்கு நேரங்களையும் விமானமே குறித்துக்கொண்டு தரைக்கு அனுப்பிவிடுகிறது; முதல் நேரமும் கடைசி நேரமும் பார்க்கிங் பிரேக், கதவு ஆகியவற்றின் நிலையைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தனியாக ஒரு நேரம் எழுதிக்கொள்வதைவிட, நிறுவனத்தின் பதிவில் உள்ள அதே நிமிடத்தை எழுதுவதே நல்லது.

இங்கே அமெரிக்கர்களின் வரையறை ஒரு சிறு சொற்றொடரால் விலகி நிற்கிறது. அவர்களின் கூட்டாட்சி விதியில், விமானம் பறக்கும் நோக்கத்தோடு 'தன் சொந்த விசையில்' நகரத் தொடங்குவதிலிருந்துதான் கணக்கு. சாங்கியில் பின்னோக்கித் தள்ளப்பட்டு, இரண்டு இயந்திரங்களையும் உயிர்ப்பித்து, இழுவைக் கம்பி கழற்றப்பட்டு, தரைப் பணியாளர் கையசைத்து விலகும் வரை கழியும் நிமிடங்கள் நம் கணக்கில் சேரும். அமெரிக்க வரையறையை எழுத்துப்படி எடுத்தால் அங்கே சேரா. ஒரு செக்டருக்கு, அதாவது ஒரு புறப்பாடு முதல் அடுத்த தரையிறக்கம் வரையிலான பறப்புக்கு, 5 நிமிடம் என்று வைத்தாலும், நான்கு மணி நேரப் பறப்புகளாக 1,500 மணி நேரம் சேர்த்த ஒருவருக்கு அது 31 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வெளிநாட்டு உரிமத்துக்கு மாற விரும்புபவர் தேவையான மணி நேரத்தின் வாசலுக்கு மிக அருகில் நின்றுகொண்டு விண்ணப்பிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

நேரத்தை யுடிசியிலேயே எழுத வேண்டும் என்பதும், 4 மணி 13 நிமிடத்தை 4.13 என்று பதின்மப் புள்ளி வைத்து எழுதிவிடக் கூடாது என்பதும் அனைவருக்கும் தெரிந்தவை. தேதி மட்டும் அடிக்கடி இடறுகிறது: சனிக்கிழமை அதிகாலை 1:10க்குச் சாங்கியிலிருந்து கிளம்பினால், லாக்புக்கில் அது வெள்ளிக்கிழமை 17:10.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மொத்த மணி நேரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பலர். அந்த நேரத்தைப் பிரித்து எழுதும் லாக்புக் பத்திகளைப் பற்றிப் பேசுபவர்கள் சிலரே. நம் ஊரில் வழங்கும் ஆங்கிலேய மரபில், தலைமைப் பொறுப்பில் பறந்தது பி1, துணை விமானியாகப் பறந்தது பி2, தலைமை விமானியின் மேற்பார்வையில் தலைமைப் பொறுப்பைத் தாமே நடத்தியது பி1 அண்டர் சூப்பர்விஷன். ஏடிபிஎல் என்னும் உயர்நிலை உரிமத்துக்கு அனைத்துலக அமைப்பு கேட்கும் 1,500 மணி நேரத்தை விமான நிறுவனத்தில் சேர்ந்த எவரும் எட்டிவிடுவார். 200 மணி நேரத்தோடு சேர்ந்து ஆண்டுக்கு 700 மணி நேரம் பறப்பவருக்கு இரண்டு ஆண்டுகள்கூடப் பிடிக்காது. ஆனால் அந்த 1,500க்கு உள்ளே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மேற்பார்வையின் கீழ்த் தலைமைப் பொறுப்பில் 500 மணி நேரம் இருக்க வேண்டும். அல்லது தலைமை விமானியாக 250 மணி நேரம் இருக்க வேண்டும். இந்த 250ஐ, குறைந்தது 70 மணி நேரம் நேரடித் தலைமையும், எஞ்சியது மேற்பார்வையின் கீழுமாகவும் நிரப்பலாம். இந்த உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேர நெடுவழிப் பறப்பிலும், அதாவது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறந்ததிலும், 100 மணி நேரம் இவ்விரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் தனியாகப் பறந்த நேரமே பெரும்பாலான துணை விமானிகளிடம் உள்ள ஒரே பி1. சிபிஎல் பாதையில் வந்தவருக்கு அந்த 70 மணி நேரம் பள்ளியிலேயே அமைந்துவிடும்; ஆகவே இன்னும் 180 மணி நேரம் மேற்பார்வைப் பத்தியில் சேர்த்தால் போதும். இருவர் இயக்கும் விமானத்துக்கென்றே 2006இல் அறிமுகமான எம்பிஎல் என்னும் உரிமத்தின் பாதையில் வந்தவரின் நிலை வேறு. அங்கே தேவைப்படும் 240 மணி நேரத்தில் பெரும்பங்கு சிமுலேட்டர் என்னும் பாவனைக் கருவியில் இருவராக அமர்ந்து கழிப்பது. தனியாகப் பறந்த நேரம் பொதுவாக மிகக் குறைவு. அவருக்கு எளிய வழி 500 மணி நேரம்தான். ஒரே விமானத்தில், ஒரே இருக்கையில், ஒரே நாளில் பணியில் சேர்ந்த இருவருக்கு, வந்த பாதையால் மட்டுமே 180க்கும் 500க்கும் இடையிலான வேறுபாடு உண்டாகிறது. இதை முதல் மாதத்திலேயே எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை என்பது என் குறை.

மேற்பார்வைப் பத்தியில் எதை எழுதலாம் என்பதில்தான் அதிகமான தவறு நடக்கிறது. தேக்கா உணவங்காடியில் ஒரு மாலை, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அண்ணே, நான் ஓட்டின செக்டரையெல்லாம் பி1 அண்டர் சூப்பர்விஷன்ல போட்டுக்கலாம்தானே?" என்றார்.

"எண்ணெய் எவ்வளவு ஏத்தணும்னு யாருப்பா முடிவு பண்ணாங்க?"

"கேப்டன்தான் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

"அப்ப அது பி2."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விதியின் சாரம் அதுதான். விமானத்தின் கட்டுப்பாட்டு விசையைக் கையில் பிடித்திருப்பவர் யார் என்பது ஒரு கேள்வி. தலைமை விமானியின் கடமைகளைச் செய்தவர் யார் என்பது இன்னொரு கேள்வி. ஓட்டும் விமானி, கண்காணிக்கும் விமானி என்ற பிரிவு முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. மேற்பார்வையின் கீழ்த் தலைமை என்றால், துணை விமானி அந்தப் பறப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை தலைமை விமானியின் பணியை நடத்தியிருக்க வேண்டும். சென்னையில் இடியோடு கூடிய மழைக்கு வாய்ப்பு உண்டு என்று முன்னறிவிப்பு சொல்கிறது. மாற்று நிலையமாக எதை வைப்பது, ஒன்றரை டன் எரிபொருள் கூடுதலாக ஏற்றுவதா, ஏற்றினால் சரக்கைக் குறைக்க வேண்டி வருமா என்பதைத் துணை விமானி முடிவு செய்கிறார். விமானத்தில் சரிசெய்வது தள்ளிவைக்கப்பட்ட பழுது ஒன்று இருக்கிறது. அதோடு கிளம்பலாமா என்பதைக் கையேட்டைத் திறந்து அவரே ஆராய்கிறார். வங்கக் கடலுக்கு மேல் மேகத்தைச் சுற்றி எந்தப் பக்கம் விலகுவது என்று கேட்டு வாங்குகிறார். இத்தனையிலும் கேப்டன் பக்கத்தில் அமர்ந்து, வாயைக் கட்டிக்கொண்டு, தேவை வந்தால் மட்டும் குறுக்கிடத் தயாராக இருக்கிறார். வாயைக் கட்டிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது இடப்பக்கம் வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் குறுக்கீடுதான் எல்லைக்கோடு. பாதுகாப்புக் கருதிக் கேப்டன் முடிவை மாற்ற வேண்டி வந்தாலோ, தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டாலோ, அந்தச் செக்டர் பி2 பத்திக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஆங்கிலேய வழக்கம். அதில் அவமானம் ஏதுமில்லை. அந்த நேரம் மொத்தக் கணக்கில் முழுதாகவே இருக்கிறது. அத்துடன், மேற்பார்வை நேரம் துணை விமானி தாமாக எழுதிக்கொண்டதால் மட்டும் செல்லாது. உடன் பறந்த தலைமை விமானி அதை உறுதிசெய்ய வேண்டும்; அவர் பெயரும் கையொப்பமும் வேண்டும். அந்தக் கையொப்பத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்க விமானத்துறை நூல்களைப் படித்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. அவர்களின் 61.51 என்ற விதிப்படி, அந்த விமானத்துக்குத் தகுதிபெற்ற ஒருவர் விசைகளைத் தாம் மட்டுமே இயக்கிய நேரத்தைத் தலைமை விமானி நேரமாகப் பதிந்துகொள்ளலாம். சட்டப்படி விமானத்துக்குப் பொறுப்பு வகித்தவர் வேறொருவராக இருந்தாலும் சரி. பொறுப்பில் இருப்பது வேறு, பதிவது வேறு என்று அவர்கள் பிரித்துவிட்டார்கள். அங்கேயும்கூட, ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பல, விமானத்தைப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட நேரத்தை மட்டும் தலைமை நேரமாகக் காட்டு என்றே விண்ணப்பத்தில் கேட்கின்றன. அந்த வழக்கத்தைப் பார்த்து, சிங்கப்பூர் உரிமம் வைத்திருக்கும் துணை விமானி தாம் ஓட்டிய செக்டரைப் பி1 என்று எழுதினால், அது இங்கே பொய்க் கணக்கு.

நெடுந்தொலைவுப் பறப்பில்தான் மூன்று கணக்குகளும் ஒன்றையொன்று விட்டு விலகுவதைத் தெளிவாகக் காணலாம். சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு 2020 நவம்பர் முதல் ஏ350 ரக விமானம் நேரடியாகச் செல்கிறது. பயணம் 18 மணி நேரத்தைத் தாண்டும். விமானிகள் நான்கு பேர். விமானி அறையில் இருவர் இருக்கும்போது மற்ற இருவர் படுக்கை அறையில் உறங்குவர். பறப்பு நேரம் 18 மணி 20 நிமிடம் என்றும், துணை விமானி ஒருவர் இருக்கையில் இருந்தது 9 மணி 40 நிமிடம் என்றும், இறங்கும்போது விசையைப் பிடித்தவர் வேறொருவர் என்றும் கொள்வோம். ஐரோப்பிய விதியின் விளக்கக் குறிப்பு, துணை விமானி இருக்கையில் அமர்ந்திருந்த நேரத்தை மட்டுமே துணை விமானி நேரமாகப் பதியச் சொல்கிறது; அமெரிக்கர்களின் நிலைப்பாடும் அதுவே. ஆகவே அனுபவக் கணக்கில் 9:40. அதே ஐரோப்பாவின் பணி நேர விதியில், 28 நாள்களுக்கு 100 மணி, ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு 900 மணி, தொடர்ந்த 12 மாதங்களுக்கு 1,000 மணி என்ற வரம்புகளுக்கு, உறங்கிய நேரமும் சேர்த்து முழு 18:20 எடுத்துக்கொள்ளப்படும். தரையிறக்கக் கணக்கில் பூஜ்யம்.

இது அநியாயம் என்று சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 38,000 அடி உயரத்தில் படுத்திருந்தாலும் உடல் களைக்கிறது; ஆகவே களைப்புக் கணக்கு அதை எண்ணுகிறது. படுத்திருப்பதால் விமானம் ஓட்டும் அறிவு வளர்வதில்லை. ஆகவே அனுபவக் கணக்கு அதை எண்ணவில்லை. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடைகள். நிறுவனத்தின் கணினி மாத இறுதியில் தரும் ஒற்றை எண்ணை அப்படியே லாக்புக்கில் ஏற்றுபவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அந்த எண் பெரும்பாலும் களைப்பு வரம்புக்காகக் கூட்டப்பட்டது.

தரையிறக்கக் கணக்கு சிறியதாகத் தெரிந்தாலும் கடுமையானது. கடந்த 90 நாள்களில், அதே ரக விமானத்திலோ அதற்கென ஒப்புதல் பெற்ற சிமுலேட்டரிலோ, மூன்று புறப்பாடுகளிலும் மூன்று தரையிறக்கங்களிலும் விசையை இயக்கியிராத ஒருவரை, புறப்படும்போதும் இறங்கும்போதும் விசையில் அமர்த்தக் கூடாது என்பது அனைத்துலக அமைப்பின் ஆறாம் இணைப்பு. நெடுந்தொலைவுப் பிரிவில் மாதத்துக்கு மூன்று நான்கு பயணங்கள், ஒவ்வொன்றிலும் நால்வரில் ஒருவர் இறக்குகிறார் என்றால், மூன்று தரையிறக்கம் சேர்ப்பதே ஒரு வேலையாகிவிடும். 2020இல் சாங்கி வெறிச்சோடிக் கிடந்தபோது, பறக்க விமானம் இல்லாமல் சிமுலேட்டருக்குப் போய் இந்த மூன்றை முடித்துக்கொண்டு திரும்பிய விமானிகள் உலகமெங்கும் இருந்தார்கள். கண்காணிக்கும் விமானியாக இருந்த செக்டரில் தரையிறக்கத்தைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தும் சொல்கிறேன்.

இரவு நேரப் பத்திக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது. ஏடிபிஎல்லுக்குத் தலைமை விமானியாகவோ துணை விமானியாகவோ 100 மணி நேரம் இரவில் பறந்திருக்க வேண்டும். நம் பகுதியில் பறப்பவருக்கு அது வெகு விரைவில் நிறைந்துவிடும். ஆனால் எங்கே இரவு தொடங்குகிறது என்பதை ஒழுங்காகக் கணக்கிடுபவர் குறைவு. அனைத்துலக அமைப்பின் பொதுவான வரையறை, மாலை அந்தி முடிவதிலிருந்து காலை அந்தி தொடங்கும் வரை என்பது. அந்தி முடிவது, சூரியனின் மையம் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் சிங்கப்பூரில் அந்தி ஏறத்தாழ 21 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

மேலே சொன்ன திருச்சிப் பறப்பு மார்ச் மாதத்தின் நடுவில் என்று கொள்வோம். சிங்கப்பூரில் சூரியன் மறைவது மாலை 7:16க்கு, அதாவது யுடிசி 11:16. அந்தி முடிவது 11:37. அதை வைத்து இரவு 11:37க்குத் தொடங்கியது என்று எழுதினால் 3 மணி 8 நிமிடம் இரவு நேரம் கிடைக்கும். ஆனால் அப்போது விமானம் சிங்கப்பூரில் இல்லை, மேற்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சாங்கிக்கும் திருச்சிக்கும் இடையே 25 பாகை தீர்க்கரேகை உண்டு. மணிக்கு ஆறரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் விமானம் மேற்கே போக, இருள்கோடு மணிக்கு 15 பாகை வேகத்தில் பின்னால் துரத்திவருகிறது. தரையில் 21 நிமிடத்தில் முடியும் அந்தி, விமானத்துக்கு ஏறத்தாழ 37 நிமிடம் நீள்கிறது. விமானம் இருக்கும் இடத்தில் இரவு தொடங்குவது 12:10ஐ ஒட்டித்தான். அப்படியானால் இரவு நேரம் ஏறத்தாழ இரண்டரை மணி. அரை மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. இதையும் தரைமட்டத்துச் சூரிய நிலையைக் கொண்டே கணக்கிடுகிறோம். விமானி அறைக் கண்ணாடியில் மேற்குச் சிவப்பு இன்னும் நெடுநேரம் தெரியும், அதற்கு லாக்புக்கில் இடமில்லை. திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறாக, விடியல் நம்மை நோக்கி ஓடிவருவதால் இரவு சுருங்குகிறது. மின் லாக்புக் செயலிகள் இக்கணக்கைத் தாமே போட்டுத் தருகின்றன. எந்த வரையறையை வைத்துப் போடுகின்றன என்பதை அமைப்புப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

கருவி வழிப் பறப்பில், ஐரோப்பியப் பதிவேட்டில் இருப்பது கருவி விதிகளின் கீழ்ப் பறந்த நேரம். விமான நிறுவனத்தில் அது ஏறத்தாழ முழுப் பறப்பும்தான். அமெரிக்கப் பதிவேட்டில் இருப்பது, வெளியே ஒன்றும் தெரியாமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த நேரம். தெளிந்த வானில் அது பூஜ்யம். இரண்டையும் தனித்தனியே எழுதி வைப்பதற்கு ஒரு பத்தி கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

வேலை கிடைக்காமல் இந்தோனேசியா போன்ற இடங்களுக்குப் போய், கேரவன் மாதிரியான சிறு விமானத்தில் வலப்பக்கம் அமரும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரவன் ஒற்றை விமானிக்கென்று சான்றிதழ் பெற்றது. அதில் ஒரு நாட்டின் விதி துணை விமானி வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாலும், உயர்நிலை உரிமத்துக்கு அந்த நேரத்தில் பாதிக்கு மேல் ஏற்க வேண்டியதில்லை என்பதே அனைத்துலக அமைப்பின் பொது விதி. விமானம் இருவர் இயக்குவதற்கு ஏற்ற கருவிகளோடு இருந்து, இருவர் முறையில் இயக்கப்பட்டால், உரிமம் தரும் ஆணையம் முழுதாக ஏற்க இடம் உண்டு. விதி கேட்காமல் நிறுவனம் தன் விருப்பத்தில் இன்னொருவரை அமர்த்தியிருந்தால், அந்தப் பாதிக்கும் உத்தரவாதம் இல்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அன்று, இதுதான்.

சிமுலேட்டர் நேரம் பறப்பு நேரம் ஆகாது. ஏடிபிஎல்லின் 1,500இல் அதிகபட்சம் 100 மணி நேரம் அதற்கு இடம் தருகிறார்கள். தனிப் பத்தியில் எழுதி, தனியாகக் கூட்ட வேண்டும்.

இந்த எண்களின் மேல் ஏன் இவ்வளவு ஆசை வருகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் க்யூ400 விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக 2010இல் வந்த சட்டமும் 2013இல் வந்த விதியும், அங்கே விமான நிறுவனத்தில் துணை விமானியாக அமரவே ஏடிபிஎல் வேண்டும், அதாவது பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று ஆக்கிவிட்டன. ராணுவத்திலிருந்தும் பல்கலைக்கழகப் படிப்பின் வழியும் வருபவர்களுக்குச் சலுகை உண்டு. விழுந்த விமானத்தின் கேப்டனும் துணை விமானியும் 1,500 மணி நேரத்தை ஏற்கெனவே தாண்டியவர்கள் என்பதையும், விமானம் வேகம் இழக்கும் எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை ஆற்றியதையே விசாரணை காரணமாகக் கண்டது என்பதையும் நினைத்துப் பார்த்தால், நோய் ஒன்று மருந்து வேறு என்றே எனக்குப் படுகிறது. சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் சிபிஎல்லோடு துணை விமானியாக அமர முடிகிறது; அதற்கு ஈடாக, அமர்ந்த பிறகு சேரும் நேரத்தின் தன்மையை உற்றுப் பார்க்கிறார்கள்.

ஓர் எண்ணுக்குப் பின்னால் வேலை இருக்கும்போது, அந்த எண்ணைப் பேனாவால் உண்டாக்குபவர்களும் வருவார்கள். விமானிகள் கேலியாக அதைப் பார்க்கர் பேனா மணி நேரம் என்பார்கள். 2020இல் கராச்சி விபத்துக்குப் பிறகு, பாகிஸ்தானின் விமானத் துறை அமைச்சரே தம் நாட்டு விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்கு உரியவை என்று நாடாளுமன்றத்தில் சொல்ல, அடுத்த சில நாள்களிலேயே அந்நாட்டுத் தேசிய நிறுவனம் ஐரோப்பாவுக்குப் பறக்கும் அனுமதியை இழந்தது. அங்கே பேசப்பட்டது முக்கியமாகத் தேர்வு மோசடி என்றாலும், அதற்குப் பிறகு காகிதத்தை யாரும் காகிதமாக நம்புவதில்லை. பொய் சொல்லாதவரும் பாதிக்கப்படுகிறார்: ஒழுங்கில்லாமல் எழுதிய நேர்மையானவரின் லாக்புக்கும், ஒழுங்காக எழுதிய பொய்யரின் லாக்புக்கும் சரிபார்ப்பவர் மேசையில் ஒரே அளவு சந்தேகத்தோடு திறக்கப்படும்.

ஆகவே என் முறை இது. முடிவான எண்ணை மட்டும் எழுதாமல், அந்த எண்ணுக்கு அடிப்படையான விவரங்களை எழுதி வைக்கிறேன்: புறப்பட்ட நிமிடம், நின்ற நிமிடம், விமானத்தின் பதிவெண், உடன் பறந்தவரின் பெயர், எந்தப் பணியில் இருந்தேன், இருக்கையில் எத்தனை நேரம், புறப்பாடும் தரையிறக்கமும் யார் கையில், எந்தச் செக்டரில் மேற்பார்வைத் தலைமை. இவை கையில் இருந்தால் எந்த ஆணையத்தின் விதியையும் பிறகு இதன்மேல் வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். வெறும் கூட்டுத்தொகை மட்டும் இருந்தால், ஐந்து ஆண்டுக்குப் பிறகு துபாயிலோ லண்டனிலோ ஓர் அதிகாரி கேட்கும் கேள்விக்கு அதைப் பிரித்துக் காட்ட முடியாது. மாதாந்திரப் பணிப்பட்டியலின் படியையும் நிறுவனத்தின் மணிக்கணக்கு அறிக்கையையும் கூடவே சேமிக்க வேண்டும். நிறுவனங்கள் மென்பொருளை மாற்றும்போது பழைய பதிவுகள் எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை. தாளில் எழுதுபவர் தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். வெள்ளை மை பூசிய ஒரு வரி அந்தப் பக்கம் முழுவதையும் கெடுத்துவிடும்.

கடைசியாக அந்தக் கையொப்பம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நேரம் வரை மேற்பார்வைச் செக்டர்களைச் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கேப்டனாகத் தேடிப் போவது இளைஞர்களின் வழக்கம். அதற்குள் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார். ஒருவர் வேறு நாட்டு நிறுவனத்துக்கு மாறியிருப்பார். ஊரில் இருப்பவரோ, இரண்டு ஆண்டுக்கு முந்திய சென்னைச் செக்டரில் தாம் குறுக்கிட்டாரா இல்லையா என்பது நினைவில்லாமல் கையொப்பமிடத் தயங்குவார், தயங்கவும் வேண்டும். இயந்திரங்களை நிறுத்திச் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்து முடித்ததும், பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்திலேயே, "கேப்டன், இந்தச் செக்டரை மேற்பார்வைத் தலைமையாகப் பதியலாமா?" என்று கேட்டுவிட வேண்டும். நிறுவனத்தின் படிவம் மின்வடிவில் இருந்தால் அங்கேயே நிரப்பி அவரிடம் நீட்டலாம். தாளாக இருந்தால் பேனாவோடு நீட்டலாம். பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். என்னிடம் கேட்டவர்களில் எவரையும் நான் தொந்தரவாக நினைத்ததில்லை. மறுத்த ஓரிரு வேளைகளில் ஏன் மறுக்கிறேன் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறேன், அடுத்த செக்டரில் அதே தம்பிகள் அதைச் சரியாகச் செய்து கையொப்பம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.